பாம்புக்கடி மருந்தும் பருவமழைக் கணக்கும்

மருந்துக் கடையில் ஒரு மாத்திரை தீர்ந்துபோனால், ‘நாளைக்கு வந்துவிடும்’ என்று கடைக்காரர் சொல்வது வழக்கம். பெரும்பாலும் அது வந்தும் விடுகிறது. இதனால், பணமும் உத்தரவும் இருந்தால் எந்த மருந்தையும் வேண்டியபோது வேண்டிய அளவு செய்துகொள்ளலாம் என்னும் எண்ணம் பலரிடம் வேரூன்றியுள்ளது. எல்லா மருந்துகளுக்கும் இது பொருந்தாது. இன்று நோயாளியின் நரம்பில் ஏற்றப்படும் ஒரு மருந்து, பல மாதங்களுக்கு முன்னரே, சில சமயம் ஓராண்டுக்கு முன்னரே, எங்கோ ஒரு குதிரை லாயத்தில் தொடங்கப்பட்டிருக்க வேண்டும். பாம்புக்கடிக்குக் கொடுக்கப்படும் விஷமுறிவுச் சீரம் அத்தகைய மருந்து. ஏறியும் இறங்கியும் வரும் தேவைக்கு ஏற்ப அதன் தயாரிப்பாளர்கள் எவ்வாறு இருப்பைக் காக்கிறார்கள், அந்த முயற்சியில் கிராமச் சுகாதார நிலையத்தின் பதிவேட்டுக்கு என்ன பங்கு உண்டு என்பன இங்கு விளக்கப்படுகின்றன.

தேவை எப்போது ஏறுகிறது?

2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்தனர் என்று 2020இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. சராசரியாக ஆண்டுக்கு 58,000 பேர். இறப்புகளில் ஏறக்குறைய பாதி ஜூன் முதல் செப்டம்பர் வரையுள்ள நான்கு மாதங்களில் நேர்ந்தவை. காரணம் தெளிவானது. மழை பெய்ததும் வளைகளில் நீர் புகுகிறது. பாம்புகள் மேட்டு நிலத்துக்கும் வீட்டருகிலும் வருகின்றன. அதே நாட்களில்தான் உழவும் நடவும் களையெடுப்பும் நடைபெறுகின்றன. வெறுங்காலுடன் வயலில் இறங்குவோரும், வெறுந்தரையில் உறங்குவோரும் கடிபடுகிறார்கள்.

ஆகவே இத்தேவை கொள்ளைநோய்போல் முன்னறிவிப்பின்றி வருவதன்று. ஆண்டுதோறும் வருகிறது, வரும் மாதமும் தெரியும். ஆயினும் எந்த வட்டாரத்தில் எத்தனை பேர் என்பது மழையின் போக்கைப் பொறுத்தது. வெள்ளம் வந்த ஆண்டில் ஒரு ஜில்லாவின் தேவை திடீரென்று பெருகலாம். வறண்ட ஆண்டில் அதே ஜில்லாவில் குப்பிகள் அலமாரியிலேயே தங்கிவிடலாம்.

இரண்டு மருந்துகள், இரண்டு கால அளவுகள்

தேவை திடீரென்று உயர்ந்தபோது உற்பத்தியை விரைவாகப் பெருக்கிய நிகழ்ச்சி ஒன்று அண்மைக் காலத்தில் உண்டு. 2020ஆம் ஆண்டின் இறுதியில் கோவிட் நோய் தணிந்தது. ரெம்டெசிவிர் என்னும் ஊசிமருந்துக்குத் தேவை குறைந்தது. தயாரிப்பாளர்களும் உற்பத்தியைக் குறைத்தார்கள். 2021 மார்ச், ஏப்ரல் மாதங்களில் இரண்டாம் அலை எழுந்தது. ஆஸ்பத்திரி வாயில்களில் மக்கள் வரிசையில் நின்றார்கள். மத்திய அரசாங்கம் வெளியிட்ட கணக்கின்படி, 2021 ஏப்ரல் 11 அன்று நாளொன்றுக்கு 33,000 குப்பிகளாக இருந்த உற்பத்தி, மே மாத இறுதியில் 3,50,000 குப்பிகளாயிற்று. தயாரிக்கும் தொழிற்கூடங்கள் 20இலிருந்து 60ஆகப் பெருகின. (அம்மருந்து நோயாளிகளுக்கு எவ்வளவு பயன்பட்டது என்பது வேறு கேள்வி; 2020 நவம்பரிலேயே உலக சுகாதார ஸ்தாபனம் அதைப் பரிந்துரைக்கவில்லை.)

ஏழு வாரங்களில் பத்து மடங்கு என்பது சிறிய சாதனையன்று. எனினும் அதிலும் குறைக்க முடியாத நாட்கள் சில இருந்தன. ஊசிமருந்தில் கிருமி இல்லை என்று நிச்சயிக்கும் சோதனைக்கு மட்டும் 14 நாட்கள் வேண்டும். மாதிரியை வளர்ப்பு ஊடகத்தில் இட்டு, ஏதேனும் வளர்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். அதிகாரியின் கையொப்பத்தால் கிருமியின் வளர்ச்சியை விரைவுபடுத்த இயலாது. அந்நாட்களில் மக்கள் பட்ட துன்பம் பெரும்பாலும் இந்த இடைவெளியில் நேர்ந்ததே.

ரெம்டெசிவிர் ஒரு இரசாயனப் பொருள். மூலப்பொருளும் பாத்திரங்களும் இருந்தால், ஒரு தொழிற்கூடம் செய்வதை அறுபது செய்யலாம். பாம்பு விஷமுறிவுச் சீரம் அப்படிப்பட்டதன்று. அதைச் செய்வது உயிருள்ள குதிரையின் உடல். அறுபது தொழிற்கூடங்களைத் திறந்தாலும், நேற்று வாங்கிய குதிரை நாளை சீரம் தராது.

குதிரை லாயத்திலிருந்து குப்பி வரை

ஒரு விலங்குக்குச் சிறிதளவு விஷத்தைத் திரும்பத் திரும்பச் செலுத்தினால் அதன் இரத்தத்தில் அவ்விஷத்தை முறிக்கும் எதிர்ப்பொருள்கள் தோன்றுகின்றன என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டுகளில் பிரெஞ்சு விஞ்ஞானி ஆல்பெர் கால்மெட் முதலியோர் நிறுவினர். இன்றைய முறையும் அடிப்படையில் அதுவே.

முதலில் விஷம் வேண்டும். இந்தியாவில் கிடைக்கும் பல்விஷமுறிவுச் சீரம் நான்கு பாம்புகளின் விஷத்துக்கு எதிரானது: நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். நாட்டின் சீரத் தயாரிப்புக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதி, சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978இல் பதிவு செய்யப்பட்ட இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து சென்று வந்துள்ளது. தோலுக்காகப் பாம்பு பிடித்து வாழ்ந்த இருளர்கள், வனவிலங்குச் சட்டம் வந்த பின்னர், அதே கைத்திறனை உயிர்காக்கும் பணிக்குத் திருப்பினார்கள். பிடித்த பாம்பை மண்பானையில் வைத்து, மூன்று நான்கு வாரங்களுக்குள் நான்கு முறை விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் இட்டு, மீண்டும் காட்டில் விட்டுவிடுகிறார்கள். எத்தனை பாம்புகளைப் பிடிக்கலாம் என்பதற்கு வனத்துறையின் அனுமதி தேவை. அந்த அனுமதி தாமதமானால் அதன் விளைவு சில காலம் கழித்துத் தொலைதூரத்துச் சீரக் கூடத்தில் தெரியவரும். எடுக்கப்பட்ட விஷம் உறைநிலையில் உலர்த்தப்பட்டுத் தூளாகிறது. தூள், குளிரில் பல ஆண்டுகள் கெடாது.

அடுத்தது குதிரை. புதிதாக வாங்கிய குதிரையைச் சில வாரங்கள் தனியே வைத்துக் கவனித்து, நோயில்லை என்று உறுதி செய்துகொண்டு, தடுப்பூசிகள் போட்ட பிறகே விஷம் செலுத்தத் தொடங்குகிறார்கள். முதலில் மிகச் சிறிய அளவு. பிறகு சிறிது சிறிதாகக் கூட்டுகிறார்கள். இரத்தத்தில் எதிர்ப்பொருளின் வலிமை போதிய அளவை எட்டப் பல மாதங்கள் ஆகும். சில விஷங்களுக்கு ஓராண்டைக் கடப்பதும் உண்டு. எல்லாக் குதிரைகளும் ஒரே மாதிரி பலன் தருவதில்லை. சில குதிரைகள் எத்தனை ஊசி போட்டாலும் போதிய எதிர்ப்பொருளைத் தருவதேயில்லை. வலிமை எட்டியதும் இரத்தம் எடுத்து, பிளாஸ்மா என்னும் தெளிந்த நீர்ப்பகுதியைப் பிரித்துக்கொண்டு, சிவப்பணுக்களைக் குதிரைக்கே திருப்பி ஏற்றுகிறார்கள். பின்னர் அதற்கு ஓய்வு. அவசரம் என்று ஓய்வைக் குறைத்தால் குதிரை மெலியும். அடுத்த முறை பலனும் குறையும்.

பிளாஸ்மாவைப் பெப்சின் என்னும் செரிமானப் பொருளால் பக்குவப்படுத்தி, வேண்டாத புரதங்களை நீக்கி, வடிகட்டிக் குப்பிகளில் நிரப்புகிறார்கள். திரவமாக வைத்தால் 2 முதல் 8 டிகிரி சென்டிகிரேடு குளிரில் காக்க வேண்டும். மின்சாரம் நிலையில்லாத ஊர்களை எண்ணி, உறைநிலையில் உலர்த்திய தூளாகவும் தயாரிக்கிறார்கள். தூள் குளிர்ப்பெட்டியின்றியே நான்கைந்து ஆண்டுகள் வரை பயன்படும். உலர்த்தும் இயந்திரத்தில் ஒரு தடவைக்கு இத்தனை குப்பிகள் என்ற வரம்பு உண்டு. ஒவ்வொரு தடவைக்கும் நாட்கள் பிடிக்கும். பிறகு, முன்னே சொன்ன 14 நாள் கிருமிச் சோதனை; விஷத்தை முறிக்கும் வலிமைக்கு வேறு சோதனை.

அந்த வலிமையின் அளவை ஆசிரியர்கள் வகுப்பில் ஒரு கணக்காகவே தரலாம். ஒரு மில்லிலிட்டர் சீரம் 0.6 மில்லிகிராம் கண்ணாடி விரியன் விஷத்தை முறிக்க வேண்டும் என்பது இந்நாட்டின் விதி. குப்பியின் கொள்ளளவு 10 மில்லிலிட்டர். ஆகவே ஒரு குப்பி 6 மில்லிகிராம் விஷத்தை முறிக்கும். கண்ணாடி விரியன் ஒரு கடியில் செலுத்தும் விஷம் சராசரியாக 63 மில்லிகிராம். வகுத்துப் பார்த்தால், முதல் தவணையாக எட்டு முதல் பத்துக் குப்பிகள் ஏற்றும்படி மருத்துவ நெறிமுறை ஏன் கூறுகிறது என்பது விளங்கும். குழந்தைக்கும் இதே அளவுதான். கடிக்கும் பாம்பு ஆளின் எடையைப் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை.

இருப்பை எந்த நிலையில் வைப்பது?

தேவை மாதத்துக்கு மாதம் மாறுகிறது. குதிரையின் உடலோ மாதத்துக்கு மாதம் மாறாது. இவ்விரண்டையும் இணைப்பதே தயாரிப்பாளரின் தொழில்நுட்பம். இதற்கு அவர் இருப்பை ஒரே இடத்தில் குவிப்பதில்லை. விஷத்தூளாக ஓர் இருப்பு, விஷம் ஏற்றுக் கொடுத்துப் பழகிய குதிரைகளாக ஓர் இருப்பு, உறைய வைத்த பிளாஸ்மாவாக ஓர் இருப்பு, முடிந்த குப்பிகளாக ஓர் இருப்பு எனப் பல நிலைகளில் பிரித்து வைக்கிறார்.

இவற்றுள் பிளாஸ்மா இருப்பே மிகவும் பயன் தருவது. குதிரையிடமிருந்து பெற வேண்டிய நீண்ட காலம் அதில் கழிந்துவிட்டது. ஆயினும் குப்பியின் காலாவதி நாள் இன்னும் எண்ணப்படத் தொடங்கவில்லை. ஆண்டு முழுவதும் சீராகப் பிளாஸ்மா சேர்த்து வைத்து, மழைக்கு முந்திய மாதங்களில் நிரப்பும் வேலையைப் பெருக்கலாம். திடீரென்று ஓரிடத்தில் தேவை உயர்ந்தால், பல மாதக் காத்திருப்பு சில வாரங்களாகக் குறைகிறது. முற்றிலும் குப்பிகளாகவே வைத்திருந்தால் வறண்ட ஆண்டில் அவை காலாவதியாகும். குதிரைகளை மட்டும் நம்பியிருந்தால் வெள்ள ஆண்டில் கைவிரிக்க நேரும். எனவே ஜூன் மாதத்துக்கு வேண்டிய குப்பிகள் மே மாதத்துக்குள் ஜில்லாக் கிடங்குகளைச் சேர வேண்டுமானால், அவற்றுக்கான கொள்முதல் உத்தரவு அதற்குப் பல மாதங்கள் முன்னரே தயாரிப்பாளரின் கையில் இருத்தல் வேண்டும். மே மாதத்தில் செய்யும் அவசரத் தொலைபேசி அழைப்புகள் கிடங்கில் உள்ள குப்பிகளை இடம் மாற்றுமேயன்றி, ஒரு குப்பியையும் புதிதாக உண்டாக்கா.

வாங்குவோர் நிலையாக வாங்காவிட்டால் என்ன நேரும் என்பதற்கு ஆப்பிரிக்கா உதாரணம். அக்கண்டத்தின் பத்து வகைப் பாம்புகளுக்கு எதிராக ஒரு பிரெஞ்சு நிறுவனம் செய்துவந்த ஃபாவ்-ஆஃப்ரிக் என்னும் சீரத்தின் தயாரிப்பு 2014இல் நின்றது. கடைசிக் குப்பிகள் 2016 ஜூன் மாதத்தில் காலாவதியாயின. கடிபட்டோர் குறையவில்லை, விலை கொடுத்து நிலையாக வாங்குவோர் இல்லை. தொழிற்சாலைக்குக் கண்ணில் படும் தேவை கொள்முதல் உத்தரவே. உத்தரவாக மாறாத துன்பம் அதன் கணக்கில் ஏறுவதில்லை.

பொய்த் தேவை

இதற்கு மறுபுறமும் உண்டு. ஒரு மருந்து கிடைக்காது என்ற செய்தி பரவியதும், பத்துக் குப்பிகள் வேண்டிய நிலையம் இருபது கேட்கிறது. ‘கேட்டதில் பாதிதான் வரும்’ என்ற அனுபவமே காரணம். ஜில்லாக் கிடங்கு அவற்றைக் கூட்டி, தன் பங்குக்கும் சிறிது சேர்த்து மேலே அனுப்புகிறது. தயாரிப்பாளரிடம் போய்ச் சேரும் எண் உண்மைத் தேவையின் மும்மடங்காகவும் இருக்கலாம். அதை நம்பி அவர் உற்பத்தியைப் பெருக்கினால், சரக்கு வந்து சேரும் நாளில் எல்லோரிடமும் இருப்பு நிறைந்துவிடும். அடுத்த ஆண்டு உத்தரவு வற்றிவிடும். அவ்வாண்டில் குதிரைகளைக் குறைத்தால், அதற்கடுத்த ஆண்டில் மறுபடியும் பஞ்சம். நம்பாமலிருந்தாலோ, உண்மையாகத் தேவை உயர்ந்த ஜில்லாவும் ஏமாறும். கேட்பவர்கள் சற்றே கூட்டிக் கேட்பது அவர்கள் வரையில் அறிவுடைமையாகத் தோன்றினாலும், எல்லோரும் சேர்ந்து செய்யும்போது எவருக்கும் நன்மை தருவதில்லை.

இதனைத் தவிர்க்கக் கிடங்கு ஒழுங்கு வேண்டும். 1994இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் முறை இவ்வகையில் பல மாநிலங்களின் கவனத்தைக் கவர்ந்தது. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ் புத்தகம் உண்டு. ஆண்டுக்கு இவ்வளவு தொகைக்கு மருந்து எடுக்கலாம் என்று அதில் குறித்து, எடுத்த மருந்தின் மதிப்பைக் கழித்துக்கொண்டே வருவார்கள். வீணாகக் கூட்டிக் கேட்டால் தன் கணக்கே கரையும். எந்தக் கிடங்கில் எது எவ்வளவு உள்ளது என்பதும் ஒரே இடத்தில் தெரியும். ஒரு ஜில்லாவில் மிகுந்ததைக் குறைந்த ஜில்லாவுக்கு அனுப்ப இயலும்.

இருப்பில்லாத நாட்களின் கணக்கு

களப்பணியாளரின் கையில் உள்ள பதிவேடு இங்கேதான் முக்கியமாகிறது. அடுத்த ஆண்டுக்கு எவ்வளவு வேண்டும் என்பதைச் சென்ற ஆண்டு செலவானதைக் கொண்டு முடிவு செய்வதே வழக்கம். இம்முறையில் மறைந்திருக்கும் பிழை ஒன்று உண்டு.

ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தை உதாரணமாகக் கொள்ளலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை 122 நாட்கள். அதற்குள் 180 குப்பிகள் செலவாயின. ஆனால் இடையில் 32 நாட்கள் அலமாரி காலியாக இருந்தது. பதிவேட்டில் அந்த 32 நாட்களுக்கும் செலவு ‘இல்லை’ என்றே இருக்கும். ‘இல்லை’ என்பது நோயாளி வரவில்லை என்று பொருள்படுமா, மருந்து இல்லை என்று பொருள்படுமா? மேலதிகாரிக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். அவர் அடுத்த ஆண்டுக்கும் 180 என்றே எழுதுவார்.

உண்மையில் மருந்து இருந்த நாட்கள் 90. அந்நாட்களில் நாளொன்றுக்கு 2 குப்பிகள் வீதம் செலவாயின. 122 நாட்களுக்குத் தேவை 244. வேறுபாடு 64 குப்பிகள்; அதாவது ஆறு பேருக்குரிய முதல் தவணை. இருப்பு தீர்ந்தது ஆகஸ்டு மாதத்தின் நடுவில், கடி மிகுந்த நாட்களில் என்றால், 244 என்பதும் குறைவான மதிப்பீடே. இப்படி ஓராண்டின் பஞ்சம் பதிவேட்டின் வழியே மறு ஆண்டின் பஞ்சத்தைத் தோற்றுவிக்கிறது. தொழிற்சாலையிலும் கிடங்கிலும் எவரும் தவறு செய்யாமலே இது நேரக்கூடும்.

ஆகவே செலவான குப்பிகளுக்கு அருகில், இருப்பில்லாத நாட்கள் எத்தனை என்ற ஒரு பத்தியும் வேண்டும். மருந்தின்றி ஜில்லா ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டவர்களைத் தனியே குறிக்க வேண்டும். இல்லையேல் அவர்கள் ஓரிடத்திலும் எண்ணப்படாமலோ, ஈரிடத்தில் எண்ணப்பட்டோ போவார்கள். கடிபட்டவர் எண்ணிக்கையையும், சீரம் ஏற்றப்பட்டவர் எண்ணிக்கையையும் கலக்கலாகாது. விஷமில்லாத பாம்பு கடிப்பதுண்டு. விஷப்பாம்பு கடித்தும் விஷம் இறங்காமல் போவதுண்டு. அவர்களைக் கவனித்துப் பார்த்திருப்பதே போதும். மறுபுறம், விரியன் கடிபட்ட ஒருவருக்கு இரத்தம் உறையும் தன்மை திரும்பாவிடில் இரண்டாம் தவணையும் தேவைப்பட்டு, அவருக்கு மட்டும் 20 குப்பிகள் செலவாகலாம். சில வட்டாரங்களில் வழக்கத்தைவிட மிகுதியான குப்பிகள் ஏற்றியும் குணம் தாமதமாவதுண்டு. ஒரே இனப் பாம்பின் விஷம் நாட்டின் ஒரு பகுதிக்கும் மற்றொரு பகுதிக்கும் வேறுபடுவதும், சீரத்துக்கான விஷம் பெரும்பாலும் ஒரு வட்டாரத்திலிருந்தே பெறப்பட்டு வந்ததும் இதற்குக் காரணங்களாகும். ஒரு நோயாளிக்கு எத்தனை குப்பிகள் என்ற எண், விஞ்ஞானிகளுக்கு இவ்வகையிலும் பயன்படும் செய்தி.

குப்பிகளை அடுக்குவதிலும் ஒரு முறை உண்டு. முன்னே வந்தது முன்னே போக வேண்டும் என்பது பொதுவிதி. மருந்தைப் பொறுத்தவரை, முன்னே காலாவதியாவது முன்னே போக வேண்டும். பிந்தி வந்த பெட்டியில் முந்திய காலாவதி நாள் இருப்பது அபூர்வமன்று. மழை முடிந்ததும், அடுத்த மழைக்குள் காலாவதியாகக்கூடிய குப்பிகளை உடனே மேலே தெரிவித்தால், கடி மிகுந்த வேறு நிலையத்துக்கு அவற்றை மாற்றலாம். அலமாரியில் மறைத்து வைத்துக் கடைசி மாதத்தில் தெரிவித்தால் எங்கும் அனுப்ப இயலாது.

பாம்புக்கடியால் நேரும் இறப்பையும் ஊனத்தையும் 2030க்குள் பாதியாகக் குறைக்கும் நோக்குடன் 2024 மார்ச் மாதத்தில் மத்திய அரசாங்கம் ஒரு தேசியச் செயல்திட்டத்தை வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில், பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக ஆக்குமாறு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. கர்நாடகமும் தமிழ்நாடும் அவ்வாண்டிலேயே அதனைச் செய்தன. அறிவிக்கப்பட வேண்டிய நோய் என்றால், அரசாங்க ஆஸ்பத்திரியேயன்றித் தனியார் ஆஸ்பத்திரியும் ஒவ்வொரு கடியையும் தெரிவித்தாக வேண்டும். தனியார் மருத்துவமனைகளில் செலவாகும் சீரமும், மருந்து கிடைக்குமுன் வழியிலேயே இறந்தோரின் எண்ணிக்கையும் இதுவரை பெரும்பாலும் கணக்கில் ஏறாதவை. அவை ஏறினால், அடுத்த பருவத்துக்கு எத்தனை குதிரைகளுக்கு எப்போது விஷம் ஏற்றத் தொடங்குவது என்று தீர்மானிக்கும் தயாரிப்பாளருக்குக் கிடங்கின் செலவுக் கணக்கோடு கிராமத்தின் கடிக் கணக்கும் கையில் இருக்கும்.